பெட்டி எப்போதும் கட்டியபடியே இருக்கட்டும்

வாசகர் கடிதம்: டாக்டர், எனக்கு 39 வயது. புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகக் கிரேன்களை இயக்கும் மென்பொருளை நிறுவித் தரும் கம்பெனியில் வேலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ராட்டர்டாம், வருடத்தில் மூன்று தடவை ஹூஸ்டன். எல்லாமே எகானமி வகுப்புதான். இறங்கும்போது இரண்டு காலும் வீங்கி, ஷூ ஏறுவதில்லை. பயணத் தேதியில் மாதவிலக்கு வரும்போல இருந்தால் மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். தைராய்டு மாத்திரையும் தினமும் உண்டு. போன முறை என் பெட்டி வந்து சேரவில்லை. உடுத்திய துணியோடு, மாத்திரையும் இல்லாமல் இரண்டு நாள் வேலை பார்த்தேன். அம்மா பாதிப் பெட்டியைத் தின்பண்டத்தால் நிரப்பிவிடுகிறார். ஊர் திரும்பினால் மூன்று நாள் ராத்திரித் தூக்கமே இல்லை, பிள்ளை மேல் எரிந்து விழுகிறேன். எதை எடுத்துப் போவது, எப்படிப் போனால் உடம்பு தாங்கும்? அடுத்த வருடம் நைஜீரியாவுக்கும் போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். அடுத்த ராட்டர்டாம் பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டது பெட்டியைப் பற்றி. ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் போய் நின்றது மாத்திரை பற்றிய வரியில். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, எட்டு, பத்து மணி நேரம் ஒரே இருக்கையில் முடங்கி உட்கார்ந்து போகிறீர்கள். அதையும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்கிறீர்கள். அதனால் பெட்டிக்கு முன்னால் இதைப் பேசிவிடலாம்.

கோயில், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் நம் வீடுகளில் இந்த மாத்திரை சர்வசாதாரணம். பெரும்பாலும் அது நார்எதிஸ்டிரோன். தள்ளிப்போடுவதற்காகப் போடும் அளவில், அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. பல கருத்தடை மாத்திரைகளில் இருப்பதும் அதே ஹார்மோன்தான். ரத்தம் உறையும் தன்மையை அது கூட்டும். நீண்ட நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பதும் அதையே செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலின் ஆழ் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பயணத்துக்கு ஒன்று என்ற அளவுதான். இதைப் பார்த்துப் பயந்து வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பறப்பவர்களுக்கும் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அந்த வாய்ப்பு இன்னும் கூடும் என்று அதே ஆய்வு சொன்னது. நீங்கள் அந்த இரண்டிலுமே இருக்கிறீர்கள்.

எனவே இனிமேல் பயணத்துக்காக இந்த மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். கட்டாயம் தள்ளிப்போட வேண்டும் என்றால் மகளிர் மருத்துவரிடம் போய், இத்தனை மணி நேரம் பறக்கப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். உங்கள் எடை, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்ததுண்டா, காலில் வெரிகோஸ் உண்டா என்றெல்லாம் பார்த்து அவர் வேறு வழி சொல்வார். என்னைக் கேட்டால், வருவது வரட்டும் என்று தயாராகப் போவதே நல்லது. விமானத்தின் காற்றழுத்தம் மாதவிலக்கை ஒன்றும் செய்யாது. இரண்டு நாளுக்கான நாப்கின், உள்ளாடை இரண்டு, அழுக்கைச் சுற்றிப் போட நாலு பேப்பர் கவர், வலிக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் மாத்திரை, எல்லாம் ஒரு சின்னப் பையில் கையோடு இருக்கட்டும். அடர்ந்த நிறத்தில் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். வயிற்றில் ஒத்தடம் வேண்டுமென்றால் பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்கலாம், தயங்க வேண்டாம், அவர்களுக்கு இது புதிதில்லை.

இனி வீக்கம். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் அது சாதாரண வீக்கம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயணம் முடிந்து இரண்டு, மூன்று வாரம் கழித்து வந்தாலும் இதே பேச்சுதான். மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று கிளம்பும்போது ஆஸ்பிரின் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

முட்டிக்குக் கீழே வரை ஏறும் அழுத்தக் காலுறை ஒரு ஜோடி வாங்குங்கள். 15 முதல் 30 வரை (mmHg) அழுத்தம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், அதில் குறைந்த அளவே போதும். கணுக்காலையும் கெண்டைச் சதையையும் காலையில் எழுந்ததும் அளந்து, அந்த அளவைக் கடையில் சொல்லுங்கள். சாயங்காலம் அளந்தால் வீக்கத்தோடு சேர்த்து அளந்துவிடுவீர்கள். இருக்கையில் உட்கார்ந்த பிறகு மாட்டப் பார்க்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மாட்டினால்தான் பலன். போய்ச் சேர்ந்த ஹோட்டலில் கழற்றலாம். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அப்புறம் தையல் மிஷின் மிதிப்பீர்களே, அதே அசைவு: குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள். மணிக்கு ஒருமுறை இருபது மிதி. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை நடந்து வாருங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று நாம் எழுவதில்லை. அதற்காகவே நடைபாதை ஓரம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஷூ வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக, நாடாவைத் தளர்த்துகிற மாதிரி இருக்கட்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ராயபுரத்தில் என் கிளினிக்குக்குக் கப்பலேறும் முன் உடல் தகுதிச் சான்றுக்காக வருகிறவர்கள் நிறைய. துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் அது இயல்புதானே. பிரேசிலில் ஒரு கப்பல், தென்கொரியாவில் ஒரு கப்பல் என்று, சைன் ஆன் செய்ய, அதாவது கப்பலில் வேலைக்குச் சேர, உலகத்தின் எந்த மூலைக்கும் இரண்டு நாள் அவகாசத்தில் பறக்கிறவர்கள். முப்பது வருடம் கடலில் இருந்த ஒரு போசன் (கப்பல் தளத் தொழிலாளர்களின் மேஸ்திரி) சொன்னதை இன்றும் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எடுத்துப்போக வேண்டியதெல்லாம் அதில் தமிழில் எழுதியிருக்கும். ஊர் திரும்பிய அன்றைக்கே அழுக்குத் துணியை வெளியே எடுக்கும் கையோடு தீர்ந்துபோன பற்பசை, சோப்பு, மாத்திரை எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுவார். அந்தப் பயணத்தில் கைபடாமல் திரும்பிவந்த பொருளைத் தாளில் அடித்துவிடுவார். அடுத்த அழைப்பு எப்போது வந்தாலும் அவருக்குத் துணி மடிக்கிற வேலை மட்டும்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர் வீட்டுச் சாமான்களில் இருந்து பொறுக்கி எடுத்துப் பெட்டி கட்டலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிற உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சார்ஜர், செருப்பு, கண்ணாடி, நகவெட்டி எல்லாவற்றிலும் இன்னொன்று வாங்கி, பெட்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். செலவு ஆயிரம் இரண்டாயிரம் ஆகலாம். அதற்குப் பதில், கிளம்பும் ராத்திரி பத்து மணிக்கு, சார்ஜர் எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிற பதற்றம் போய்விடும். அந்தப் பதற்றம்தான் உங்களைப் பாதித் தூக்கத்தோடு விமானம் ஏற்றுகிறது.

செக்-இன் பெட்டி வராமலே போகலாம் என்று நினைத்தே கேபின் பையைக் கட்டுங்கள். இரண்டு நாள் அதை வைத்தே வாழ முடிய வேண்டும். ஒரு செட் வேலை உடை, இரண்டு உள்ளாடை, ஒரு மெல்லிய துண்டு. டர்க்கி டவல் வேண்டாம், நம் ஈரோட்டுத் துண்டு இடம் அடைக்காது, ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். நீளவாக்கில் மடித்துச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால் முதுகுவலிக்கும் அதுதான் அணை. கழுத்தில் மாட்டும் தலையணையைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். இடுப்பு நேரானால் கழுத்து தானே நிற்கும்.

அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாதியாகக் கிழித்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த சுங்குடியாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டே முக்கால் மீட்டர் வரும், எடையே தெரியாது. போர்வை, தலையணை உறை, கண்ணை மூடும் திரை எல்லாம் அதுவே. விமானத்தில் தரும் கம்பளி எல்லாருக்கும் ஒத்துவராது, இது உங்கள் வீட்டு வாசனையோடு இருக்கும். கரையில் ஒரு விரற்கடை கிழித்து செக்-இன் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். ஒரே மாதிரி நூறு கறுப்புப் பெட்டி சுற்றி வரும்போது தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கேபின் பைக்குள்ளே இன்னொரு சின்னப் பை இருக்க வேண்டும். மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க், மூக்குக் கண்ணாடி, மாதவிலக்குப் பை எல்லாம் அதில். மேலே வைக்க இடமில்லை என்று வாசலிலேயே கேபின் பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவதுண்டு. அந்த நேரத்தில் குனிந்து தேடாமல், இந்தச் சின்னப் பையை உருவிக்கொண்டு பெரிய பையைக் கொடுத்துவிடலாம். பவர் பேங்கை எந்தக் காரணம் கொண்டும் சரக்குப் பகுதிக்கு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை கையில் கொண்டுபோக அனுமதி உண்டு. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட்-மணிதான். அளவு அச்சிடாத மலிவுச் சாமானை வாங்காதீர்கள், அழிந்துபோன எழுத்தைப் பார்த்தே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் மனதை அரித்துக்கொள்ள வேண்டாம். அதில் இருக்கும் லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். போன முறை இரண்டு நாள் விட்டதால் ஒன்றும் கெட்டிருக்காது. நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு நடுராத்திரியில் எழுந்து போடவும் வேண்டியதில்லை. போன ஊரின் காலையில், வெறும் வயிற்றில் போட்டால் போதும். ஆனால் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் இப்படி விட முடியாது, இன்சுலினைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அது பயன்படாது. மாத்திரை எல்லாம் அட்டையோடு இருக்கட்டும், டப்பாவில் உதிர்த்துப் போடாதீர்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்குள்ள கம்பெனிப் பெயரை அங்கே கடைக்காரருக்குத் தெரியாது. நம் பாராசிட்டமாலே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். துபாய் வழியாகப் போகிறீர்கள் என்றால் கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இரண்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். அங்கே அவை முன் அனுமதி வேண்டிய மருந்துகள்.

பெட்டி வராவிட்டால் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை. கிடைக்கும், அனுப்புகிறோம் என்ற வாய்ச் சொல்லை நம்பி விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் எழுதி எண் வாங்குங்கள். பெட்டி தாமதத்துக்கு எழுத்தில் இழப்பீடு கேட்க, விமானப் பயணத்துக்கான சர்வதேச மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். உடைந்து வந்தால் 7 நாள்தான். இடையில் வாங்கிய துணி, சோப்புக்கு ரசீது வைத்திருங்கள். மூடுவதற்கு முன் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது அப்போது கைகொடுக்கும்.

அடுத்தது அம்மா நிரப்புகிற பாதிப் பெட்டி. அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெளியூரில் ஒரு வாரம் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத் தின்று வயிறு கட்டிப்போய் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பருப்புப் பொடியும் இட்லி மிளகாய்ப் பொடியும் உங்களைக் காப்பாற்றும். ஆனால் எதை வைக்கலாம் என்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று பிடுங்கிவிடுவார்கள். பொடியில் வறுத்து அரைத்துவிடச் சொல்லுங்கள். கொப்பரை எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் ஏற்றவே தடை. கசகசா சேர்த்த குருமாப் பொடி அமீரகம், சிங்கப்பூர் வழியாகப் போகும்போது கண்டிப்பாகக் கூடாது, அங்கே கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. நெதர்லாந்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக முடியாது. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கூழ் என்ற கணக்கில் வரும். கையில் கொண்டுபோனால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் வையுங்கள். காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டை மட்டும் ஊரோடு விட்டுவிடுங்கள், பெட்டித் துணி முழுக்க ஏறிய வாசனை மீட்டிங் அறை வரை கூட வரும். எதைக் கொண்டுபோனாலும் அமெரிக்காவில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம்.

பொட்டலங்களை முக்கால்தான் நிரப்ப வேண்டும், காற்றைப் பிதுக்கிவிட்டு மூட வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலத்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; விமானத்தின் உள்ளே 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற அழுத்தம். கடல் மட்டத்தில் அடைத்த காற்று அங்கே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். பொட்டலம் உப்புவது அதனால்தான். உங்கள் வயிறு உப்புவதும் அதனால்தான். முதல் நாளே மொச்சை, பட்டாணிச் சுண்டல், சோடா வேண்டாம். வீட்டில் மிளகாய்ப் பொடி தடவிய நாலு இட்லி கட்டிக்கொண்டு போங்கள், சட்னி வேண்டாம். விமானத்தில் ஏறியதும் அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். நள்ளிரவுக்கு மேல் தட்டு வரும் வரை விழித்திருக்க வேண்டியதில்லை. இறங்கும் முன் மிச்சம் வைக்காமல் முடித்துவிடுங்கள். விமானச் சாப்பாடுதான் என்றால் ஒரு நாளுக்கு முன்னதாகவே இந்திய சைவ உணவு என்று பதிவு செய்யுங்கள், சிறப்பு உணவு வழக்கமாக முதலில் வந்துவிடும்.

விமானக் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். கடலோரக் காற்றிலேயே வளர்ந்த நமக்கு அது பாலைவனம் மாதிரி. கண், மூக்கு, உதடு எல்லாம் வறளும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் போதும். எண்ணெயை மூக்குக்குள் விட வேண்டாம், நுரையீரலுக்குப் போனால் தொல்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோகிறவர்கள் வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ராட்டர்டாம் குளிரில் குறுகிய பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் சொட்டு வராது. தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும், லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டாம். மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். அசையாமல் தூங்கிப்போனால் கால் விஷயத்தில் நான் சொன்னதெல்லாம் வீண். சளி பிடித்திருந்தால் இறங்குவதற்கு அரை மணி முன்பு மூக்கடைப்புச் சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், இறங்கும்போது மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டே இருங்கள். காது அடைக்காது.

தூக்கம்தான் உங்கள் பெரிய பிரச்சினை என்று தோன்றுகிறது, பிள்ளை மேல் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கே போகும்போது எளிதாக நகரும், கிழக்கே திரும்பும்போது முரண்டு பிடிக்கும். ராட்டர்டாமுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். அங்கே போனதும் சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொக்கும். வெளிச்சத்தில் நடங்கள், ஒன்பதரை வரை எப்படியாவது தள்ளுங்கள். நாலு நாளில் திரும்பப் போகிறீர்கள் என்றால் முழுதாக மாறவும் வேண்டாம், சீக்கிரம் படுத்து விடியற்காலையில் எழுந்து வேலையைப் பாருங்கள்.

சென்னை திரும்பிய பிறகுதான் கவனம் வேண்டும். காலை வெயில் நல்லது என்று ஆறு மணிக்கே மொட்டைமாடியில் போய் நிற்பார்கள். முதல் இரண்டு நாள் அது எதிர்மாறாக வேலை செய்யும். உங்கள் உடம்புக்கு அப்போது நடுராத்திரி. அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும். முதல் நாள் ஒன்பதரை மணிக்கு மேல் வெளிச்சத்துக்கு வாருங்கள், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். பகலில் படுத்தால் அரை மணியோடு அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். இதையும் மீறித் தூக்கம் வராவிட்டால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை உதவும், சிறிய அளவே போதும், அதை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஹூஸ்டன் வேறு கதை. பத்தரை, பதினொன்றரை மணி நேர வித்தியாசம் என்றால் பகல் இரவாகிவிடுகிறது. இறங்கியதும் வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிப் போகாதீர்கள், டாக்சி எடுங்கள். முதல் நாள் கிரேன் சோதனை வைக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். உறக்கம் இல்லாத மூளையோடு நாற்பது டன் சுமையின் கீழே நிற்க யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இன்னொன்று, இங்குள்ள மின் கெட்டிலை அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், கால் பங்கு சக்தியில்தான் வேலை செய்யும்.

கிளம்புகிற நாளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். மூன்று நாளுக்குக் குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கி, பிள்ளையின் சீருடை அயர்ன் செய்து, கடைசி நிமிடத்தில் குளித்துவிட்டு ஓடுவீர்கள். என்னிடம் வருகிற எந்த ஆண் பயணியும் இப்படிக் களைத்துக் கிளம்பிப் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பவர்கள் மூன்று நாள் சமைத்துக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அதற்கு எந்தத் தலையணையும் காலுறையும் ஈடாகாது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ராத்திரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுவண்ணாரப்பேட்டையில் இருந்து மெட்ரோ வண்டி மாறாமல் விமான நிலையம் வரை போகிறது. ராத்திரி பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால், விடியற்கால விமானமாக இருந்தாலும் பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பது, டாக்சியில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பதைவிட நல்லது.

நைஜீரியா உறுதியானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கும் அப்போதே கேளுங்கள்.

ராட்டர்டாமுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நாளைக் காலை எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், கணுக்காலையும் கெண்டைச் சதையையும் அளந்து எழுதி வையுங்கள். தையல் டேப் அம்மாவிடம் இருக்கும். புடவையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.